நண்பகலில் பாலையாகும் மலை

(மலைநடை ஆர்வலர்கள் கூட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே பை கட்டத் தொடங்கியிருப்பீர்கள். மாசி பிறந்துவிட்டது. வெள்ளியங்கிரிக்குப் போகிறவர்கள் மூங்கில் தடியோடு கிளம்பிவிட்டார்கள். சதுரகிரிக்கு அமாவாசைக் கூட்டம் கூடப்போகிறது. தேர்வு முடிந்தால் பிள்ளைகளுக்கு விடுமுறை. கீழே வெயில் ஏற ஏற எல்லோருடைய கண்ணும் மேற்கே மலையைப் பார்க்கும். ஆண்டிலேயே மலையில் மனிதக் கூட்டம் மிகுந்திருக்கும் மாதங்கள் இவை. மலை தன் குணத்தை மணிக்கு மணி மாற்றிக்கொள்ளும் மாதங்களும் இவைதாம்.

அழைப்பிதழில் 'இளவேனில் கால மலை வானிலை' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். புலவர்கள் யாராவது அரங்கில் இருந்தால் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். மாசியும் பங்குனியும் பின்பனி. சித்திரையும் வைகாசியுமே இளவேனில். நான் இரண்டையும் சேர்த்தே பேசப்போகிறேன், அதற்குக் காரணமும் அந்தப் புலவர்களிடமிருந்தே கிடைக்கிறது.

நம் இலக்கணக்காரர்கள் நிலத்தை மட்டும் பிரித்துவிட்டு நிற்கவில்லை. ஒவ்வொரு திணைக்கும் ஆண்டில் ஒரு பொழுதையும் நாளில் ஒரு பொழுதையும் ஒதுக்கினார்கள். குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும்; நாளில் யாமம். பாலைக்கு வேனிலும் பின்பனியும்; நாளில் நண்பகல். பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் தம் இயல்பு திரிந்தால் அதுவே பாலை என்கிறது சிலப்பதிகாரம். பள்ளியில் இதை உருப்போட்டு மதிப்பெண் வாங்கிவிட்டு மறந்துவிட்டோம். மலையில் நடக்கிறவர்களாக இதை மறுபடி படித்துப் பாருங்கள். நாம் மலைக்குப் போகும் இந்த நான்கு மாதங்களும் பாலைக்கு உரியவை, நடுப்பகலும் பாலைக்கே உரியது. குறிஞ்சியில் நடக்கிறோம் என்ற நினைப்பில் காலை பதினொரு மணிக்குப் பிறகு நாம் பாலையில் நடந்துகொண்டிருக்கிறோம். எந்த மலை என்பதைவிட, எத்தனை மணிக்கு அதன் எந்தச் சரிவில் நிற்கிறோம் என்பதுதான் இந்தப் பருவத்தில் முக்கியம். இதைத்தான் இன்று பல கோணங்களில் சொல்லப்போகிறேன்.

முதலில் வறட்சி. வடகிழக்குப் பருவமழை டிசம்பரோடு ஏறக்குறைய ஓய்ந்துவிடுகிறது. அதன் பிறகு வானத்தின் மேலடுக்குகளிலிருந்து காற்று மெல்லக் கீழே இறங்குகிறது. இறங்கும் காற்று அழுத்தப்பட்டுச் சூடாகும். அதனால், வழக்கமாக உயரம் கூடக் கூடக் குளிர வேண்டிய காற்றில், ஒரு குறிப்பிட்ட உயரத்தில் மட்டும் வெப்பம் தலைகீழாக ஏறுகிறது. அந்த அடுக்கு, பானைமேல் வைத்த மூடியைப் போலக் கீழுள்ள ஈரக்காற்றை அமுக்கி வைக்கிறது. தூசியும் புகையும் ஈரமும் மூடிக்குக் கீழே தங்கிவிடுகின்றன. மூடிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டிருக்கும் நீலகிரி உச்சிகளிலும் கொடைக்கானல் மேல்மலையிலும் காற்றின் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. கொடைக்கானலில் 2,343 மீட்டர் உயரத்தில் 1899-ஆம் ஆண்டு சூரிய ஆய்வகத்தை நிறுவியவர்கள் இந்தத் தெளிந்த வானத்தை நம்பித்தான் அங்கே போனார்கள். நூறாண்டுக்கும் மேலாக அங்கிருந்து சூரியனைப் படமெடுத்து வருகிறார்கள். அவர்களுக்கு நல்வாய்ப்பாக அமைந்த அதே காற்றுதான் புல்லைக் காயவைக்கிறது.

புல்லுக்கு இன்னொரு பகையும் உண்டு. டிசம்பர், ஜனவரி இரவுகளில் உதகைப் பக்கம் உறைபனி விழுவதைப் படமெடுத்துப் பத்திரிகைகளில் போடுகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் அதைப் பார்க்க விடியற்காலையில் ஓடுகிறார்கள். வனத்துறைக்காரர்களுக்கு அந்தப் படம் வேறு செய்தி சொல்கிறது. பனியில் கருகிய புல் மீண்டும் பச்சையாக மழை வர வேண்டும். மழையோ ஏப்ரலில்தான். ஆக, பிப்ரவரியில் நாம் பார்க்கும் பொன்னிறப் புல்வெளி, நாம் அதன் முன்னே நின்று படமெடுத்துக்கொள்ளும் அந்த அழகு, நிற்கும் விறகு.

இதில் மணி எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். காய்ந்த மரக்கட்டை ஈரத்தை இழுக்கவும் விடவும் நாட்கள் ஆகும். காய்ந்த புல்லுக்கு ஒரு மணி நேரம் போதும். காலை ஏழு மணிக்குப் பனித்துளியில் உங்கள் கால்சட்டையை முழங்கால்வரை நனைக்கும் அதே புல், வெயில் ஏறி ஓரிரு மணி நேரத்தில் சருகாகிச் சரசரக்கும். ஆறரை மணிக்கு அதன்மேல் தீக்குச்சியைப் போட்டாலும் அணைந்துபோகலாம். பன்னிரண்டு மணிக்கு ஒரு பீடித்துண்டு போதும். ஒரே இடம், ஒரே நாள். ஆறு மணி நேரத்தில் அது வேறு நிலமாகிவிடுகிறது.

காற்றும் இதோடு சேர்ந்துகொள்கிறது. வெயில் பட்ட சரிவு தன்னை ஒட்டிய காற்றைச் சூடாக்குகிறது; சூடான காற்று சரிவோடு ஒட்டி மேலே ஏறுகிறது. காலை ஒன்பது, பத்து மணிக்கு உங்கள் முதுகைத் தள்ளுவதுபோல் மெல்ல வீசும் காற்று அதுதான். ஏறும்போது இதமாக இருக்கும். மதியம் அது வலுக்கும். சூரியன் மறைந்ததும் காற்று திரும்பி, குளிர்ந்து கனத்துப் பள்ளத்தாக்குக்குள் இறங்கும். கிழக்கு நோக்கிய சரிவில் இந்த ஏற்றம் விடிந்ததுமே தொடங்கிவிடும். மேற்கு நோக்கிய சரிவு மதியம் வரை தூங்கும், பிறகு மாலைவரை கொதிக்கும். தேனி மாவட்டத்திலிருந்து கேரள எல்லை முகட்டுக்கு ஏறும் தடங்கள் பெரும்பாலும் கிழக்கைப் பார்த்தவை என்பதை நினைவில் வையுங்கள்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. இதைச் சொல்லாமல் தமிழ்நாட்டில் யாரும் மலைநடை பற்றிப் பேச முடியாது. போடிக்கு மேற்கே, கொழுக்குமலைக்கும் குரங்கணிக்கும் இடையிலான சரிவில் நடந்துகொண்டிருந்த இரண்டு குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. சென்னையிலிருந்து வந்தவர்கள், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் வந்தன. அன்றும் அதன் பிறகு மருத்துவமனைகளிலுமாக 23 பேர் இறந்தார்கள். யார்மேல் குற்றம் என்ற விசாரணையை நான் இங்கே நடத்தப்போவதில்லை. அதற்குக் குழு போட்டார்கள், அறிக்கை வந்தது, அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு அரசு விதிகளும் வகுத்தது. நாள், பொழுது, சரிவு மூன்றையும் மட்டும் பார்க்கச் சொல்கிறேன். மாசிக் கடைசி. பிற்பகல். கிழக்கே இறங்கும் புல்சரிவு.

தீக்கும் சரிவுக்கும் உள்ள உறவு கொடுமையானது. சமதரையில் எரியும் தீயின் நாக்கு மேல்நோக்கி நிற்கும். சரிவில் எரியும் தீயின் நாக்கு தனக்கு மேலேயுள்ள புல்லைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அந்தப் புல் எரிவதற்கு முன்பே வெந்து தயாராகிவிடும். சரிவு 10 பாகை கூடும்போதெல்லாம் தீ ஏறும் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது தீயணைப்பவர்கள் கையில் வைத்திருக்கும் கணக்கு. 30 பாகைச் சரிவென்றால் சமதரையைப் போல எட்டு மடங்கு. மனிதன் கதை நேர்மாறு: சரிவு கூடக் கூட அவன் வேகம் குறையும். ஆகவே தீயைக் கண்டால் மேல்நோக்கி ஓடுவதுபோல் ஆபத்து வேறில்லை. அடுத்த ஆபத்து ஓடைப்பள்ளத்துக்குள் இறங்குவது. குறுகலான பள்ளம் புகைபோக்கியாகி அனலை இழுக்கும். பக்கவாட்டில் நகர்ந்து பாறை, வெற்று மண், தேயிலைத் தோட்டம், ஈரமான சோலை, இவற்றில் ஒன்றை அடைய வேண்டும். எல்லாவற்றையும்விட நல்ல இடம் ஏற்கெனவே எரிந்து கருகிய நிலம். அங்கே தீக்குத் தின்ன எதுவும் மிச்சமில்லை. ஆனால் இதெல்லாம் கடைசிக் கட்டத்துக்கு. வெயில் ஏறிய பிறகு காய்ந்த புல்சரிவின் நடுவில் இல்லாமல் இருப்பதுதான் முதல் கட்டம். நடக்கும்போதே, 'இப்போது கீழே புகை தெரிந்தால் எங்கே போவேன்' என்ற கேள்வியை மனத்தில் ஓட்டிக்கொண்டே போங்கள். குழுத்தலைவரிடம் கேட்டுப் பாருங்கள். அவரிடம் பதில் இல்லையென்றால் அந்தக் குழுவோடு போகாதீர்கள்.

புகையைப் பார்க்கும் பழக்கம் நமக்குப் போய்விட்டது. மேகம் என்று நினைத்துவிடுகிறோம். மலையடிவாரத்திலிருந்து எழும் புகை முதலில் சரிவோடு ஒட்டிப் படர்ந்து மேலே வரும். நிறம் பழுப்பாக இருக்கும். பருந்துகள் அதன் ஓரத்தில் வட்டமிடும், வெளியே ஓடிவரும் பூச்சிகளுக்காக. டேராடூனில் உள்ள இந்திய வன அளவைத் துறை, செயற்கைக்கோள் படங்களிலிருந்து தீ எச்சரிக்கைகளைக் கைப்பேசிக்கு அனுப்புகிறது. பதிவு செய்துகொண்டால் எவரும் பெறலாம். அது பயனுள்ளதுதான். ஆனால் அந்தச் செயற்கைக்கோள்கள் நம் தலைக்குமேல் நாளுக்குச் சில முறைதான் கடக்கின்றன. இரண்டு கடப்புகளுக்கு இடையில் ஒரு சரிவு முழுவதும் எரிந்து முடிந்துவிடும். மலையில் இருக்கும் முதுவப் பழங்குடியினரின் மூக்கு அதைவிட விரைவானது. குரங்கணிப் பக்கம் முதுவர், பழனி மலையிலும் சதுரகிரியிலும் பளியர், பொதிகையில் காணிக்காரர். வழிகாட்டி என்றால் இவர்களில் ஒருவர். நகரத்திலிருந்து கூடவே வரும் ஒருங்கிணைப்பாளரை நான் வழிகாட்டி என்று சொல்லமாட்டேன்.

சரி, பங்குனி பாதியைத் தாண்டினோம். மூடி நெகிழத் தொடங்குகிறது. ஒரு பக்கம் அரபிக்கடல், மறுபக்கம் வங்கக்கடல், இரண்டிலிருந்தும் ஈரக்காற்று தீபகற்பத்துக்குள் வருகிறது. உள்நாட்டில் அவை சந்திக்கும் இடம் விதர்ப்பாவிலிருந்து கர்நாடகம் வழியே குமரிமுனைப் பக்கம் வரை ஒரு கோடாக நீளும். வானிலை அறிக்கைகளில் நீங்கள் கேட்டிருப்பீர்கள். அந்த ஈரக்காற்றை மலைச்சரிவு மேலே தூக்கிவிடுகிறது. காப்பித் தோட்டக்காரர்கள் இந்த மழைக்குத்தான் வானத்தைப் பார்த்துக் காத்திருப்பார்கள். முதல் கோடைமழை விழுந்து சில நாட்களில் தோட்டம் முழுக்க வெள்ளையாகப் பூக்கும். நமக்கோ, தீயிலிருந்து தப்பித்தோம் என்ற நிம்மதி வருவதற்கு முன் இடியும் மின்னலும் தலைமேல் நிற்கும்.

கோடை இடிமழை உருவாகும் விதம் கண்ணுக்குத் தெரியும், அதுதான் நமக்கு இருக்கும் ஒரே சலுகை. காலை ஒன்பது மணிக்கு வானம் நீலமாக இருக்கும். பத்து மணிக்குமேல் முகடுகளின் தலையில் மட்டும் சின்னச் சின்ன வெண்முகில்கள் தோன்றும்; அடிப்பக்கம் தட்டையாக இருக்கும். அவை அப்படியே சிறிதாக இருந்து கரைந்தால் கவலையில்லை. பதினொரு மணி, பதினொன்றரைக்குள் ஒரு முகில் அகலத்தைவிட உயரமாக வளர்ந்திருந்தால், அன்றைக்கு உச்சியை மறந்துவிடலாம். தலை நார்நாராகக் கலைந்து பக்கவாட்டில் விரியத் தொடங்கினால் உள்ளே பனிக்கட்டி உருவாகிவிட்டது, மின்னேற்றமும் தொடங்கிவிட்டது. அதற்குப் பின் அரை மணி நேரத்தில் அது உங்கள் மேல் இருக்கலாம். மழைக்குச் சில நிமிடங்கள் முன்னதாகத் திடீரென்று குளிர்ந்த காற்று ஒன்று மலையிறங்கி அடிக்கும். கூடவே மண்வாசனை. வீட்டு வாசலில் நின்று முகர்ந்து மகிழ வேண்டிய வாசனை. புல்முகட்டில் நின்றால் உடனே இறங்க வேண்டிய வாசனை.

இடி கேட்டால் 'அர்ஜுனா, அர்ஜுனா' என்று சொல்லிப் பாட்டிமார் நம்மை அணைத்துக்கொள்வார்கள். சொல்லிக்கொள்ளுங்கள், தவறில்லை. கூடவே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணவும் செய்யுங்கள். மின்னலைப் பார்த்ததிலிருந்து இடியைக் கேட்கும்வரை மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது வினாடிக்குள் கேட்டால் மின்னல் பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது, அடுத்தது உங்கள்மேல் விழும் தொலைவுதான். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழியும்வரை வெட்டவெளிக்குத் திரும்பக்கூடாது. இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000 பேருக்குமேல் மின்னலுக்குப் பலியாகிறார்கள். வயலில் வேலை செய்தவர்களும் மரத்தடியில் ஒதுங்கியவர்களும் அதில் மிகப் பலர். மலையில் புல்வெளி முகட்டில் நிற்கும் மனிதன் அந்த வயலில் நிற்பவனைவிட மோசமான நிலையில் இருக்கிறான், ஏனென்றால் சுற்றுவட்டாரத்தில் உயரமான பொருள் அவன்தான். தனிமரம் வேண்டாம். கம்பிவேலி, இரும்புக் கைப்பிடி வேண்டாம். ஆழமில்லாத பாறைக்குடைவு பாதுகாப்புப் போலத் தோன்றும், பாறைமேல் ஓடிவரும் மின்சாரம் அதன் வாயில்தான் தாவும், அதுவும் வேண்டாம். முகட்டைவிட்டு இறங்குங்கள், ஒரே உயரத்தில் மரங்கள் நெருங்கி நிற்கும் சோலைக்குள் ஓரத்தில் நிற்காமல் உள்ளே போங்கள், ஒருவருக்கொருவர் தள்ளி நில்லுங்கள். அட்டை கடிக்கும். கடிக்கட்டும். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 'தாமினி' என்ற செயலியை வெளியிட்டிருக்கிறது. சுற்றியுள்ள மின்னலைக் காட்டும். அடிவாரத்தில் சமிக்ஞை இருக்கும்போதே பார்த்துவிடுங்கள், மேலே எதுவும் கிடைக்காது.

மின்னலுக்கு அஞ்சுகிறவர்கள்கூட ஓடைக்கு அஞ்சுவதில்லை. கோடையில் ஓடையில் கணுக்கால் அளவுதானே தண்ணீர் என்று பாறைமேல் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிப்போம். நம் தலைக்குமேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். ஐந்து கிலோமீட்டர் மேலே, நம் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு மடிப்பில், ஒரு மணி நேரமாக மழை கொட்டியிருக்கும். 2015 மே மாதம் சதுரகிரியில் அமாவாசைக்கு வந்தவர்கள் காட்டாற்று வெள்ளத்தில் மாட்டி உயிரிழந்தார்கள். 2024 மே 17-ஆம் நாள் பழைய குற்றாலத்தில் குளித்துக்கொண்டிருந்த கூட்டத்தின்மேல் வெள்ளம் இறங்கியது. ஒரு பள்ளி மாணவன் போய்விட்டான். அருவியில் மக்கள் சிதறி ஓடும் அந்தக் காணொளியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். இத்தனைக்கும் இரண்டுமே பருவமழைக் காலத்தில் நடந்தவை அல்ல. காய்ந்து இறுகிய மண்ணும் தீயில் வெந்த சரிவும் மழையைக் குடிப்பதில்லை, வழித்து ஓடைக்கே அனுப்பிவிடும். பங்குனியில் எரிந்த மலை சித்திரையில் வெள்ளம் தருவதற்கு இதுவே காரணம். தெளிந்த தண்ணீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், மேலேயிருந்து கல் உருளும் ஓசை கேட்டால், பையை எடுக்கக் குனியாமல் கரையேறுங்கள். வெள்ளம் வந்த ஓடையைக் கடக்கவே கூடாது. கோடைமழை வெள்ளம் வந்த வேகத்தில் வடிந்தும் விடும். இரண்டு மூன்று மணி நேரம் கரையில் காத்திருந்தவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

இனி, நம் ஊர்க்காரர்கள் நம்பவே மறுக்கும் விஷயம்: சித்திரையில் குளிரால் ஆபத்து. வெள்ளியங்கிரியை எடுத்துக்கொள்வோம். அடிவாரத்தில் இரவு ஒன்பது மணிக்கும் புழுக்கம். வெயிலுக்குப் பயந்து எல்லோரும் இரவில் ஏறுகிறார்கள், அந்த முடிவு சரியானதே. ஒரு சட்டை, ஒரு வேட்டி, ஒரு துண்டு. ஏறிய வேர்வையில் சட்டை தொப்பலாகிவிடும். ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் முங்கி எழுந்து, ஈர உடையோடு ஏழாவது மலை ஏறி, வெட்டவெளியில் விடியலுக்காக உட்காருகிறார்கள். தெற்கே பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. அந்த வழியாகப் பாயும் காற்றைக் கோவைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மேலே வெப்பமானி 14 அல்லது 15 டிகிரி காட்டலாம். 'இதெல்லாம் ஒரு குளிரா?' என்று தோன்றும். உலர்ந்த உடம்புக்கு அது குளிரில்லை. நனைந்த உடம்புக்கு, காற்றடிக்கும் இடத்தில், பசித்த வயிற்றுக்கு, இரவு முழுக்கத் தூங்காதவருக்கு அது போதுமானது. நடுக்கம் வரும். பிறகு பேச்சுக் குழறும். நடுக்கம் நின்றுபோனால் சரியாகிவிட்டது என்று சுற்றியிருப்பவர்கள் நினைப்பார்கள்; உண்மையில் உடம்பு சூடு உண்டாக்குவதைக் கைவிட்டுவிட்டது என்று பொருள். அதோடு, ஒவ்வோர் ஆண்டும் அந்த மலையில் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் பக்தர்கள் இறக்கும் செய்தி வருகிறது. இதயநோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை சொல்வதைச் சாமி பார்த்துக்கொள்வார் என்று ஒதுக்கிவிட்டு ஏறுகிறோம். சாமி குளிக்கச் சொன்னால் குளியுங்கள். ஆனால் பையில் ஒரு பாலிதீன் உறைக்குள் உலர்ந்த சட்டையும் காற்றுத் தடுக்கும் மேலுடையும் இருக்கட்டும், சுனையை விட்டு எழுந்ததும் மாற்றிக்கொள்ளுங்கள்.

உடையைப் பற்றி எப்போதும் ஒரு சண்டை உண்டு. கடையில் செயற்கை இழைத் துணிதான் மலைக்கு ஏற்றது என்கிறார்கள். மழைக்கும் வேர்வைக்கும் அது உண்மை, சீக்கிரம் காயும். தீ வந்தால் அதே துணி உருகித் தோலோடு ஒட்டும். பருத்தி உருகாது, ஆனால் நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். இரண்டுக்கும் பொதுவான துணி கம்பளி. நம் வெயிலில் யார் போடுவது? என் தீர்ப்பு: மாசி, பங்குனியில் முழுக்கைப் பருத்தி, கூடவே மாற்றுச் சட்டை, முதல் கோடைமழைக்குப் பிறகு செயற்கை இழை. தொப்பி எப்போதும். ஒவ்வோர் 1,000 மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறக்குறைய 10 விழுக்காடு கூடும், மேலே குளிர்ந்த காற்று வீசுவதால் தோல் வேகுவது மாலைவரை தெரியாது.

வானிலை அறிக்கையைப் படிப்பது எப்படி என்று கேட்டு எனக்கு முன்கூட்டியே சிலர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். 'மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் கூடிய மழை.' இதைக் கேட்டுச் சிரிக்காத தமிழன் உண்டா? ஆனால் அதற்குக் கணக்கு இருக்கிறது. ஓரிரு இடங்கள் என்றால் அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்பங்குவரை மழை பதிவாகலாம். சில இடங்கள் என்றால் பாதிவரை. பல இடங்கள் என்றால் முக்கால்வரை. பெரும்பாலான இடங்கள் அதற்கும் மேல். மாவட்டத்தில் கால்பங்கு இடத்தில் மழை என்றால் அந்தக் கால்பங்கு பெரும்பாலும் எங்கே இருக்கும்? மலையில்தான், நாம் போகும் இடத்தில். ஆகவே 'ஓரிரு இடங்கள்' என்று சமவெளிக்குச் சொன்னால், மலைக்கு அதை இரண்டு படி ஏற்றிப் படிக்கிறேன்.

கைப்பேசி காட்டும் எண்ணை இன்னும் எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும். கணினி முன்கணிப்பு, நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரே சராசரி உயரம் கொடுக்கிறது. நம் வானிலைத் துறை 2025 மே மாதம் தொடங்கிய புதிய முறையில் கட்டத்தின் அளவு 6 கிலோமீட்டர். அது பெரிய முன்னேற்றம். ஆனால் நம் மலைகளில் 6 கிலோமீட்டருக்குள் 1,000 மீட்டர் ஏற்ற இறக்கம் அடங்கிவிடும். கணினியின் மலை உண்மையான மலையைவிட எப்போதும் குட்டையாக, மழுங்கலாக இருக்கும். எனவே அடிவார ஊரின் வெப்பநிலையை எடுத்து நாமே கணக்குப் போடுவது நல்லது. முகிலற்ற வறண்ட பகலில் 1,000 மீட்டருக்கு 9 டிகிரிக்குமேல்கூடக் குறையும். முகிலுக்குள் ஈரத்தில் 5, 6 டிகிரி. போடியில் 37 டிகிரி இருக்கும் மதியத்தில் 1,700 மீட்டர் மேலே 20-ஐ ஒட்டி இருக்கலாம். காற்றின் கணக்கு இது. உங்கள் காலடியில் வெயிலில் காயும் மண் 50 டிகிரியைத் தாண்டும். காற்று குளிர்ச்சி, தரை அனல், தண்ணீர்ப் புட்டி காலி. கோடையில் மயங்கி விழுகிறவர்கள் பலர் உச்சிக்குப் பக்கத்தில், 'குளுகுளுவென்று இருக்கிறதே' என்று சொல்லிக்கொண்டே விழுகிறார்கள்.

கடைசியாக நடைக் கணக்கு. 1892-ஆம் ஆண்டு வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலைநடைக்காரர் ஒரு விதி சொன்னார். நம் அளவில் சொன்னால், மணிக்கு 5 கிலோமீட்டர், அதோடு 600 மீட்டர் ஏற்றத்துக்கு ஒரு மணி நேரம் கூடுதல். 8 கிலோமீட்டர் தூரமும் 1,000 மீட்டர் ஏற்றமும் உள்ள தடம் என்றால் மூன்றேகால் மணி நேரம் வரும். அது ஸ்காட்லாந்துக் குளிருக்கு. நம் பங்குனிக்கும், நின்று நின்று தற்படம் எடுக்கும் நம் குழுக்களுக்கும் ஒன்றரை மடங்கு போடுங்கள். ஐந்து மணி நேரம். இப்போது நம் வார இறுதிக் குழுக்களின் நடைமுறையைப் பாருங்கள். வெள்ளி இரவு சென்னையில் பேருந்து. சனி காலை எட்டு மணிக்கு அடிவார ஊர். அறையில் குளியல், இட்லி, பொங்கல், அறிமுகக் கூட்டம், பதாகையோடு குழுப்படம். பத்து மணிக்கு முதல் அடி. பாலை தொடங்கும் நேரத்தில் புல்சரிவில் ஏறத் தொடங்கி, இடி இறங்கும் மூன்று மணிக்கு உச்சியில் நிற்கும்படி திட்டமிட்டுக் கட்டணமும் வாங்குகிறார்கள். இதையே முதல் நாள் மதியம் அடிவாரம் சேர்ந்து, இரவு அங்கே தங்கி, காலை ஐந்தரைக்கு, காவலர் அனுமதிக்கும் முதல் ஒளியில் புறப்பட்டால் பத்தரைக்கு உச்சி. பதினொரு மணிக்குச் சோலை நிழலுக்குத் திரும்பிவிடலாம். ஒரு நாள் கூடுதல் விடுப்பு வேண்டும், அவ்வளவுதான். விடுப்புக் கிடைக்காதவர்கள் மலையைக் கார்த்திகையிலோ மார்கழியிலோ பார்க்கட்டும்.

2024 அக்டோபரில் 40 தடங்களோடு அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தையே, அடுத்த பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் என்று நிறுத்தி வைத்தார்கள். பணம் வரும் காலத்தில் மூடுகிறார்களே என்று அப்போது பலர் முணுமுணுத்தார்கள். நான் அந்த முடிவின் பக்கம். தடம் மூடியிருக்கும்போது பின்வழியாக உள்ளூர்ப் பையனுக்கு ஐந்நூறு ரூபாய் கொடுத்து ஏறுகிறவர்கள் தீ வந்தால் யாருடைய கணக்கிலும் இல்லாதவர்கள். தேடிப்போகிறவர்களுக்கு எத்தனை பேர் என்றுகூடத் தெரியாது. அனுமதி பெற்றுப் போகிறவர்களும் பெயர்ப் பட்டியலோடு, எந்தத் தடம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று எழுதி வனச் சோதனைச் சாவடியில் ஒரு தாளும் வீட்டில் ஒரு தாளும் கொடுத்துவிட்டுப் போங்கள். அந்தத் தாளில் நேரம் எழுதும் இடத்தில் மாலை ஆறு என்று எழுதாதீர்கள். பிற்பகல் ஒன்று என்று எழுதி, அதற்கேற்பப் புறப்படும் நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

கேள்விகளுக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். யானையைப் பற்றி யாரும் கேட்பதாக இருந்தால், அதை முதலில் கேளுங்கள். கோடையில் அதுவும் தண்ணீரைத் தேடி நம் ஓடைக்குத்தான் வருகிறது.